புது ரீஃப் தொட்டியில் பாசி: அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

புதிதாக ரீஃப் தொட்டி (கோரல் என்கிற பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்தவர்களுக்கு முதல் மாதம் முடியும்போது ஒரு கலக்கம் வருவது வழக்கம். மணல் மேல் பழுப்புப் படலம் படிகிறது. காலையில் துடைத்த கண்ணாடி மறுநாள் சாயங்காலத்துக்குள் திரும்பவும் மங்கிவிடுகிறது. பழுப்பு போனால் பாறையில் பச்சை நூல் முளைக்கிறது. சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போய் விசாரித்தால் பாசிக்கென்று நாலைந்து விதமான பாட்டில் கிடைக்கும். அதில் ஒன்றை வாங்கி ஊற்றுவதற்கு முன்னால், இந்தப் பாசி எதைத் தின்று வளர்கிறது, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்ப்பது நல்லது.

வெளிச்சமும் கரியமில வாயுவும் போக, பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். டயட்டம் என்ற பழுப்புப் பாசிக்குக் கூடவே சிலிக்காவும் வேண்டும். அதன் ஓடே சிலிக்காவால் ஆனது. இவை ஏறக்குறைய முழுவதும் நம் கையால் உள்ளே போனவைதான்: தண்ணீரோடு, தீனியோடு, பாறையோடு. வெளியே எடுக்கும் கருவிகளைப் பற்றி யோசிக்கும் முன் உள்ளே வரும் வழிகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சென்னையில் அந்த வழிகளில் முதலாவது தண்ணீர்.

அதற்கு முன் புதுத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இந்தக் கூட்டம் பெருகி நிலைபெற பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டியதும் 'சைக்கிள் முடிந்தது' என்று கோரல் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். முடிந்தது முதல் பாதிதான். நைட்ரேட் தண்ணீரிலேயே இருக்கிறது, பாறையும் மணலும் வெறுமையாகக் கிடக்கின்றன. பல வருடம் ஓடிய தொட்டியில் ஒவ்வொரு அங்குலத்தையும் பாக்டீரியாப் படலமோ, ஊதா நிறக் கோரலைன் பாசியோ, சின்னப் புழுக்களோ, கோரலோ பிடித்து வைத்திருக்கும். புதுத் தொட்டியில் அந்தப் போட்டி கிடையாது. காலி மனையில் முதல் மழைக்கே எருக்கும் ஆமணக்கும் முளைப்பது போல, வேகமாக வளரத் தெரிந்தது முதலில் இடம் பிடிக்கிறது.

நம் ஊரில் இந்தக் காலம் கொஞ்சம் நீளும். வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் போட்டுத் தொட்டி தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறையோடு பாக்டீரியாவும் கோரலைனும் நுண்ணுயிர்களும் வந்துவிடும். இங்கே அந்த வழி இல்லை, இருக்கவும் கூடாது. பவளப்பாறைகளை உருவாக்கும் கல் பவளங்கள் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நமக்குக் கிட்டே இருக்கும் பவளப்பாறைகள் மன்னார் வளைகுடாவில், 1986ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வரும் 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுக்கப்பட்டு, பிறகு 2010லும் 2016லும் கடல் சூடானதில் வெளிறிப்போய், இன்னும் தேறிக்கொண்டிருக்கும் பாறைகள் அவை. அங்கிருந்து வந்தது என்று யாராவது ஒரு கல்லை நீட்டினால் வாங்காதீர்கள். காய்ந்த செயற்கைப் பாறையிலோ செராமிக் பாறையிலோ தொடங்குங்கள். பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேருங்கள். பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கைப்பிடி மணல் கேட்டு வாங்குங்கள். அவலட்சணமான காலம் ஆறு மாதம் வரைகூட ஓடலாம். அது தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். சென்னையில் ஒரே குழாயில் வருவது ஒரே தண்ணீர் என்று சொல்ல முடியாது. பூண்டி, செம்பரம்பாக்கம், புழல் ஏரித் தண்ணீர், வீராணம் தண்ணீர், தென் சென்னையில் நெம்மேலியில் சுத்திகரித்த கடல் தண்ணீர் என்று பருவத்துக்கும் பகுதிக்கும் ஏற்ப மாறும். அது போதாதபோது போர், அதுவும் வற்றினால் லாரி. போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது பல பகுதிகளில் சாதாரணம். சாக்கடையும் செப்டிக் டேங்கும் நிலத்தடிக்குக் கசியும் இடங்களில் நைட்ரேட்டும் சேர்ந்து வரும்.

குடிக்கத் தகுந்தது என்பதும் ரீஃப் தொட்டிக்குத் தகுந்தது என்பதும் வேறு வேறு அளவுகோல்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. மனிதர்களுக்கு அது சரி. ரீஃப் தொட்டியில் நாம் வைத்திருக்க விரும்புவது சுமார் 2 முதல் 10 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்). அதாவது சட்டப்படி நல்ல குடிநீர் ஒன்றில் உப்பு கலந்து ஊற்றினாலே, ஒரு மீன்கூட விடாமல், இலக்கைப் போல நாலு மடங்குக்கு மேல் நைட்ரேட்டோடு தொடங்குகிறோம்.

'வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே' என்பது அடுத்து வரும் பதில். சமையலறை ஆர்ஓவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுவைக்காக, ஆர்ஓ சவ்வைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும் வேலை அதனுடையது. சிலவற்றில் தாதுச் சத்து சேர்க்கும் கேட்ரிட்ஜும் இருக்கும். கேன் தண்ணீரிலும் இப்படித் தாது சேர்ப்பது உண்டு. குடிப்பதற்கு நல்லதாகச் செய்யப்படும் இந்த ஏற்பாடு தொட்டிக்கு ஆகாது. தொட்டிக்கென்று ஒரு தனி ஆர்ஓ சவ்வு, அதன் பின்னால் மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின், கடைசியில் டிடிஎஸ் மீட்டரில் 0. இதற்கான பணத்தை விளக்குக்கும் கோரலுக்கும் முன்னால் ஒதுக்க வேண்டும் என்பேன். மலிவாகக் கிடைக்கும் கை மீட்டர்கூட 0க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

ஆனால் மீட்டர் காட்டாத ஒன்று உண்டு, அதுதான் சிலிக்கா. தண்ணீரில் அது பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கரைந்திருப்பதால் மீட்டரில் சரியாகத் தெரியாது. டிஐ ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவி வருபவற்றில் அதுவும் ஒன்று. மீட்டர் இன்னும் 0, 1 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் பழுப்பு திரும்ப வந்தால், ரெசின் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் நேரடியாகப் போகும் வீடுகளில் ரெசின் சீக்கிரம் தீரும். அங்கே இரண்டு டிஐ குழாய்களை வரிசையாக வைத்து, முதலாவது நிறம் மாறியதும் அதை மாற்றுவது சிக்கனம்.

இப்போது ஆவியாகும் கணக்கைப் பாருங்கள். மே மாதத்தில் தொட்டி மேல் ஃபேன் ஓடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது எல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த 3 லிட்டரை 10 பிபிஎம் நைட்ரேட் உள்ள தண்ணீரால் நிரப்பினால், மாதம் 90 லிட்டரில் 900 மில்லிகிராம் நைட்ரேட் உள்ளே போகிறது. தொட்டியின் அளவுக்கு அது மாதம் 4.5 பிபிஎம் ஏற்றம். வாரா வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறவர்கள்கூட 'ஏன் குறையவே மாட்டேன் என்கிறது' என்று தவிப்பது பல நேரம் இதனால்தான். உப்புத் தண்ணீருக்கு மட்டும் ஆர்ஓ டிஐ, தினசரி நிரப்புவதற்குக் கேன் என்று இருப்பவர்கள் அதை முதலில் மாற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுத் தண்ணீர் வெளியே போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2019 ஜூனில் நகரின் நான்கு ஏரிகளும் வற்றிக் குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. கழிவுக் குழாயை ஒரு டிரம்முக்குத் திருப்பி, வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

கடல் தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. வாசலில் வங்கக் கடல் இருக்கும்போது உப்பு எதற்கு வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். நம் கரையோரத்தில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. வடக்கே எண்ணூரில் கொசஸ்தலையாறும் அனல் மின் நிலையங்களும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து கரையோர உப்பின் அளவும் இறங்கும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், ஈசிஆர் கடற்கரைகளில் இரவில் அலை நீலமாக மின்னியதே, அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி பெருகியதால் வந்த ஒளி. அழகான காட்சிதான், சத்து மிகுந்த கடலில் அது பெருகுகிறது. பவளப்பாறை வளர்வதோ சத்து குறைந்த, தெளிந்த தண்ணீரில். கரையிலிருந்து வாளியில் மொண்ட தண்ணீர் ரீஃப் தொட்டிக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி தீனி. காய்ந்த மீன் தீனியில் ஏறக்குறைய 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிராம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். 200 லிட்டரில் அது முழுவதும் கரைந்தால் 0.15 பிபிஎம். நாம் வைத்திருக்க விரும்பும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். ஒரு கிராம் தீனியிலேயே கணக்கு தாண்டிவிடுகிறது! மீன் உடம்பில் கொஞ்சம் தங்கும், ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) கொஞ்சம் எடுக்கும் என்றாலும், இரண்டு கிளவுன் மீனுக்குத் தினம் மூன்று வேளை தாராளமாகத் தூவுவது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். உறைந்த தீனியை டீ வடிகட்டியில் போட்டு அலசுவது நல்ல பழக்கம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பாஸ்பரஸில் பெரும்பங்கு இறைச்சிக்குள்ளேயே இருப்பதால் அலசுவதில் மிச்சமாவது குறைவு. அளவைக் குறைப்பதுதான் உண்மையில் உதவும். மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிப்பதைக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது, பாறை. சுண்ணாம்புப் பாறை தன் மேற்பரப்பில் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் பாஸ்பேட் கூடியிருக்கும்போது பாறை வாங்கிக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் மாற்றிய அன்று 0.05 காட்டி, மூன்றாம் நாள் 0.15 காட்டினால் டெஸ்ட் கிட்டைச் சந்தேகப்பட வேண்டாம், பாறை கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேறொருவரின் பழைய தொட்டியிலிருந்து மலிவாக வாங்கிய பாறையில் இது அதிகம். தொட்டியில் வைக்குமுன் அதை ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து, பாஸ்பேட் அளந்து, தண்ணீரை மாற்றி மாற்றி இறக்கிக்கொள்வது பின்னால் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் கவனமாக வேலை செய்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். கோரலின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்குப் பெரும்பாலான உணவைத் தயாரிக்கின்றன. அவற்றுக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் அற்றுப்போனால் கோரல் வெளிறும். பச்சை நூல்பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் பின்வாங்கும். அந்த இடத்தில் டைனோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஏறிக்கொள்ளும். புதுத் தொட்டியில் வரக்கூடியவற்றில் மோசமானது அதுதான். சில இனங்கள் நத்தைகளைக் கொல்லும் நஞ்சு சுரக்கின்றன. நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பச்சைப் பாசியைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

டெஸ்ட் கிட் சொல்வதையும் புரிந்து படிக்க வேண்டும். பாறை முழுக்கப் பச்சை மண்டிக்கிடக்க, கிட் நைட்ரேட் 0 என்று காட்டும். உள்ளே வருவதையெல்லாம் பாசி அந்தந்த நேரமே தின்றுவிடுவதால், அளப்பதற்குத் தண்ணீரில் மிச்சம் இல்லை. அங்கே செய்ய வேண்டியது கையால் பிடுங்குவது. பாறையை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் எடுத்து, டூத் பிரஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிடுங்கிய பாசியோடு அது தின்ற நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெளியே போகின்றன. பாசிக்கொல்லி மருந்து அதைத் தொட்டிக்குள்ளேயே அழுகவிடும். ஒரு வாரத்தில் அதே சத்து அடுத்த பாசிக்குப் போய்விடும். பாஸ்பேட்டுக்கு நிறம் பார்க்கும் கிட்டைவிட ஹன்னா செக்கர் என்ற சின்ன டிஜிட்டல் மீட்டர் நம்பகமானது. அதன் மிகத் துல்லிய மாடல் பாஸ்பரஸாக, பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும், 3.066ஆல் பெருக்கினால் பாஸ்பேட். 30 என்று காட்டினால் 0.09 பிபிஎம்.

எந்தப் பாசி என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. டயட்டம் தூசு மாதிரி பழுப்பாக இருக்கும், விரலால் தொட்டாலே பறக்கும், சிலிக்கா தீர்ந்ததும் தானாகப் போகும். சயனோ (சயனோபாக்டீரியா) சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஏடு கட்டும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே தகடாக உரிந்து வரும். நீரோட்டம் குறைந்த மூலைகளில் அதிகம் தெரியும். நீரோட்டம் தரும் பம்பான வேவ்மேக்கரின் திசையை மாற்றி, தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். உடனே ஆன்டிபயாட்டிக் ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன். டைனோ பழுப்பாக, சளி போல இழை இழையாக, நுனியில் காற்றுக் குமிழோடு இருக்கும். விளக்கு அணைந்தபின் மறையும், மதியத்துக்குள் திரும்பும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. மணல் மேலிருக்கும் பழுப்பைச் சிரிஞ்சில் உறிஞ்சி, தொட்டித் தண்ணீரோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் நன்றாகக் குலுக்குங்கள். இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்திருந்த தண்ணீரில் திரும்ப இழை திரண்டால் டைனோ என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் இனமும் தெரிந்துவிடும், அது முக்கியம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதந்து வரும் என்பதால் யுவி விளக்குக்கு அடங்கும். ஆம்ஃபிடினியம் மணலிலேயே கிடப்பதால் யுவி அதைத் தொடாது. அதற்கு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏற்றி, மற்ற உயிர்கள் போட்டியிட வழி செய்வதுதான் நடைமுறை.

வெளியே எடுக்கும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்கிம்மர் கழிவு அழுகுவதற்கு முன்பே எடுத்துவிடுவதால் அது முதலில் வர வேண்டும். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசியை வளர்ப்பதும் வலையில் பாசி வளர்த்துச் சுரண்டி எடுப்பதும் நல்ல முறைகள்; பின்னதை ஸ்மித்சோனியனில் வால்டர் அடே உருவாக்கினார். பாசியை நாம் விரும்பிய இடத்தில் வளரவைத்து அறுவடை செய்வது அதன் அடிப்படை. இரும்பு ஆக்சைடு குருணை பாஸ்பேட்டை வேகமாக இறக்கும், புதுத் தொட்டியில் வேண்டியதைவிட வேகமாகவே இறக்கும். சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்குங்கள்.

வினிகர், வோட்கா ஊற்றும் முறைக்குச் சென்னையில் ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். அவற்றில் இருக்கும் கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஸ்கிம்மர் அதை வெளியே எடுக்கும். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் குடிக்கும். கடல் தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2தான். சில்லர் இல்லாத தொட்டி கோடையில் 30ஐத் தாண்டுவது சகஜம். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஃபேன் போட்டாலும் அதிகம் இறங்காது. அந்த நிலையில் ராத்திரி மின்சாரம் போனால் மீன்கள் விடியும்வரை தாங்காது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை. வேவ்மேக்கரையாவது இன்வெர்டரில் இணைக்காமல், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைக்காமல் கார்பன் ஊற்றத் தொடங்காதீர்கள்.

விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். வெள்ளையையும் சிவப்பையும் குறைத்து நீலத்தைப் பிரதானமாக வையுங்கள். பால்கனிக் கதவு வழியாக வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால் திரைச்சீலை போடுங்கள். நத்தைகளைப் பாசி வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், முதல் வாரமே இருபது வாங்கினால் பட்டினியில் செத்து அவையே அம்மோனியா ஆகும். கடற்கரையிலிருந்து நீங்களே பொறுக்கி வரவும் வேண்டாம். சங்கு, சிப்பி இனங்கள் சிலவும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாசி தின்னும் என்பதற்காக டேங் வகை மீனைச் சின்னத் தொட்டியில் அடைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதி வைத்தால் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். தனி எண்ணைவிட அதுதான் உபயோகம். பின் கண்ணாடியிலும் பம்ப் மேலும் ஊதாப் புள்ளிகள் விழத் தொடங்கினால் கோரலைன் இடம் பிடிக்கிறது என்று அர்த்தம். அங்கெல்லாம் சுரண்டாமல் விட்டுவிட்டு, முன் கண்ணாடியை மட்டும் பிளாஸ்டிக் பிளேடால் துடையுங்கள். கோரலைன் பரவப் பரவ, அது சுண்ணாம்பு கட்ட எடுத்துக்கொள்ளும் ஆல்கலினிட்டியும் (கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு) கால்சியமும் இறங்கும். அதுவரை நைட்ரேட், பாஸ்பேட் என்று இரண்டு பத்திகளாக இருந்த நோட்டில் அன்றிலிருந்து இவை இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.